ஒட்டடை என்று நான் சுரண்டியது

சிறுநீரகத்துக்குப் போகும் தமனியைப் பளிச்சென்று காட்டிவிடும் வேகத்தில், அதன்மேல் ஒட்டடைபோல் படிந்திருந்ததை எல்லாம் இடுக்கியால் சுரண்டி எடுத்துவிட்டேன். உடற்கூறு வகுப்பு மேடம் குனிந்து பார்த்தார். "தமனி சுத்தமா இருக்கு. நரம்பெல்லாம் எங்க?"

குப்பைத் தட்டில் கிடந்தன. முதுகுத் தண்டிலிருந்து கிளம்பி, வழியில் முடிச்சுகளில் கைமாறி, தமனியையே கொழுகொம்பாகப் பற்றிக்கொண்டு சிறுநீரகத்துக்குள் நுழையும் வலை அது. அது முடுக்கினால் ரத்தக் குழாய் இறுகும், உப்பும் தண்ணீரும் உடம்பில் தங்கும், ரெனின் என்ற நொதி சுரக்கும், பிரஷர் ஏறும். சிறுநீரகத்திலிருந்து மூளைக்குச் சேதி போவதும் அதே வலை வழியாகத்தான்.

சட்டென்று அப்பா ஞாபகம் வந்தது. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றி இறக்கும் மினி லாரி டிரைவர். தவறாமல் மாத்திரை போட்டும் அவருக்குப் பிரஷர் இறங்கவில்லை. இந்த நரம்புதான் முடுக்குகிறதோ?

அப்பாவைப் பார்க்கும் கள்ளக்குறிச்சி டாக்டரும் அதையே சொன்னபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தமனிக்குள் மெல்லிய குழாய் விட்டு, சுற்றியிருக்கும் நரம்பைச் சூட்டால் அடக்குவார்களாம். அப்பாவுக்கு ஒத்துவருமா என்று சென்னையில் பரிசோதித்துக்கொண்டு வரச் சொன்னார். அப்பா "பாக்கலாம்" என்றதோடு சரி.

விடுமுறைக்குச் சங்கராபுரம் வந்ததும் படம் வரைந்து காட்டினேன். "மாத்து கிட்னி வெக்கறாங்க இல்லப்பா, அதுல நரம்ப அறுத்துட்டுதான் வெக்கறாங்க. அப்பவும் அது பாட்டுக்கு மூத்திரம் பிரிக்குது."

"நரம்பு இல்லாமயே ஓடுதுன்னா, இருக்கறத இன்னாத்துக்குப் போயி சுடணும்?" சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன். போன வாரம்தான் மலை வளைவில் தலை சுற்றி, கிழங்கு லோடோடு வண்டியை ஓரங்கட்டியிருக்கிறார். அதையும் வேடிக்கையாகத்தான் சொன்னார்.

அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள்: "நரம்பு நரம்புன்னு கூவிக்கினு இருந்தா அந்த மனுசன் எப்பிடி வருவாரு? பஸ் ஸ்டாண்டு செவுத்துல இன்னா ஒட்டியிருக்கான், நீ படிச்சதில்ல?"

'நரம்புத் தளர்ச்சியா? கவலை வேண்டாம்.' ஆண்மைக்குறை வைத்தியர் போஸ்டர்.

"அம்மா, அது வேற, இது வேற."

"நான் சொல்லாமயா? சூடு வெச்சா எல்லாம் போயிடும்ன்றாரு. பொண்ணுகிட்ட இத்தப் போயி எப்பிடிக் கேக்கறதுன்றாரு."

சிரிப்பு வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. வகுப்பில் ஒவ்வொரு இழைக்கும் ஒரு பெயர். வீட்டுப் பேச்சில் குளுக்கோஸ் ஏற்றுவதும் நரம்பில், காலில் சுருண்டு புடைப்பதும் நரம்பு, ஆம்பளைத்தனமும் நரம்பு. எல்லாவற்றுக்கும் ஒரே சொல். அந்தச் சொல்லை நான் ஒரு மணி நேரம் அவர் முகத்துக்கு நேராக நீட்டியிருக்கிறேன்.

நாளை வெள்ளிமலைக்கு லோடு ஏற்றப் போகிறார். நானும் வண்டியில் ஏறிக்கொள்ளப் போகிறேன். போன மாதம் ஆக்சிலரேட்டர் ஒயர் சிக்கி, காலை எடுத்த பிறகும் இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்ததாம். பத்து தடவை சொல்லிவிட்டார். அங்கிருந்து ஆரம்பிப்பேன். இன்ஜின் நல்லாத்தான் இருக்கு, ஒயர்தான் சிக்கிக்கிச்சுப்பா. நரம்பு என்ற சொல்லை மலை ஏறி இறங்கும்வரை எடுக்கமாட்டேன். அந்தச் சந்தேகத்தை அவரே கேட்டால், ரோட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வேன். அவரும் ரோட்டைத்தானே பார்த்துக்கொண்டிருப்பார்.