விளமீனுக்குச் சொன்ன குறை

இத்தாலிய உணவகத்தில், மரியாதைக்காகக் காட்டப்பட்ட மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, மோந்தும் பார்த்தவன் நான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்; எப்படியும் என் மனைவி உங்களிடம் சொல்லிவிடுவாள்.

தூத்துக்குடியில், சுற்றுலா வருகிறவர்கள் முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்கிற மாதா கோயிலுக்கு அடுத்த தெருவில் இருக்கிறது அந்த உணவகம். ‘பாரம்பரிய இத்தாலியச் சமையல்’ என்று பலகை. திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பாரம்பரியம் கப்பலில் வந்து இறங்கியிருக்க வேண்டும். உண்மையும் அதுதான். சமையல்காரர் இத்தாலியக் கப்பல்களில் இருபது வருஷம் சமைத்துவிட்டு வந்த, பக்கத்துப் புன்னைக்காயல்காரர். உள்ளே வெள்ளை விரிப்பு, மெழுகுவர்த்தி, எது எதற்கென்று தெரியாத மூன்று முள்கரண்டி. பரிமாறுகிறவர்கள் கறுப்புக் கோட்டில் நின்றார்கள். நம்மூர்ப் புழுக்கத்துக்கு அதுவே ஒரு தவம்.

அன்று எங்கள் முப்பதாவது கல்யாண நாள். நாசரேத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்ற என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மேசைவிரிப்பு போட்ட இடத்தில் ஒருமுறையாவது நிம்மதியாகச் சாப்பிட வேண்டும். நான் வாயைத் திறந்ததால் பாதியில் எழுந்து வந்த ஓட்டல்கள் எங்கள் சரித்திரத்தில் நிறைய. அதனால் ஆட்டோவிலேயே நிபந்தனை போட்டாள்.

“இன்னைக்கு ஒரு நாள் சாப்பாட்டப் பத்தி ஒரு குத்தம் சொல்லக் கூடாது. சரியா?”

“ஏளா, நான் என்னத்தச் சொல்லப்போறேன்?”

ஒரு முழு விளமீனை, எலுமிச்சை வட்டங்களுக்கு நடுவில் கிடத்திக் கொண்டுவந்து காட்டினார் பரிமாறுகிறவர். “இதைத்தான் சமைக்கப்போறோம் சார்.” இத்தாலியில் அது வழக்கமாம். பார்த்துத் தலையாட்டினால் போதும்.

எங்கள் கடற்கரை வழக்கம் வேறு. எவன் மீனைக் காட்டினாலும் முதலில் குறை சொல்ல வேண்டும். நல்ல மீன் என்று வாய் தவறினால் விலை ஏறிவிடும். அந்த மீனோ கண் பளிங்கு மாதிரி, செவுள் செக்கச்செவேல். விடியலில் பிடித்தது என்று எனக்கே தெரியும். ஆனாலும் கை தானாகப் போனது. பின்னாலேயே வாயும் போனது.

“நேத்துப் பிடிச்சதுல்லா இது?”

பக்கத்து மேசைக்காரர் பாஸ்தாவை மென்றபடி எழுந்து வந்து மீனின் வயிற்றை அமுக்கினார். “இல்ல அண்ணாச்சி, கெட்டியாத்தான் இருக்கு.” அவர் மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்தே, “கண்ணப் பாக்கச் சொல்லுங்க” என்றார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மீன் ஏலம் கூடிவிட்டது. கடைசியில் சமையல்காரரே வெளியே வந்தார்.

“அண்ணாச்சி, சமைக்கவா, பையில போட்டுத் தரவா?”

அங்கேயே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். “பழைய மீன் என் வயித்துக்கு ஆகாது” என்றேன், கெத்தாக.

மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. “எனக்குச் சமைங்க. இவங்களுக்கு வேற ஏதாவது குடுங்க.”

எனக்குத் தக்காளியும் ரொட்டியும் வந்தன. அவளுக்கு மீன் வந்தது. தோல் மொறுமொறுவென்று, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் மணக்க. முள்ளை ஒதுக்கி, கண்ணை மூடி, அவசரமே இல்லாமல் சாப்பிட்டாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் கடைசியாகப் பார்த்தது, துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில் பத்து நாள் பயிற்சிக்கு நான் விசாகப்பட்டினம் கிளம்பிய அன்றுதான்.

பாதி மீன் காணாமல் போனதும் மானத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, மூன்றில் ஏதோ ஒரு முள்கரண்டியை அவள் தட்டுப் பக்கம் நகர்த்தினேன்.

“ஒரு துண்டு தாயேன்.”

தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நேத்துப் பிடிச்சதுல்லா.”