ஈயக்குண்டில் ஒட்டியது

இது கட்டிவிட்ட கதை இல்லை. சந்தேகம் இருந்தால் அருமனைப் பக்கம் கிளாராவின் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுப் பாருங்கள். கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரையே வெள்ளைத் துணியில் வடிகட்டி, துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவாள்.

கிளாரா வார்டு மெம்பர். போன கோடையில் கிணறுகள் வற்றிவிட, கல் உடைத்துக் கைவிட்ட பாறைக்குழியின் தண்ணீரைக் குழாயில் தருவதாக ஊருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். குழியின் ஆழம் தெரிந்தால் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று சொல்லிவிடலாம்.

அளக்கிற அன்று கரையில் கூட்டம். ஊர்க்காரன் ரத்தினத்தின் வாய் சும்மா இருக்கவில்லை.

"மெம்பரே, எங்களுக்குத் தரப்போற வெள்ளத்த நீங்க முதல்ல குடிச்சுக் காட்டுங்க பாப்போம்."

"குடிச்சா அடுத்த தடவையும் ஓட்டுப் போடுவியா?"

கேட்டுக்கொண்டே குழித் தண்ணீரை இரு கையாலும் அள்ளிக் குடித்தாள். லேசான வழவழப்பு. பாசியாக இருக்கும் என்று விழுங்கிவிட்டாள்.

தம்பி எபிசன் கல்ஃபில் துறைமுகப் படகில் ஆழம் பார்த்தவன். பிளாஸ்டிக் டிரம் கட்டிய தெப்பத்தில் அக்காவை ஏற்றிக்கொண்டு நடுக்குழிக்குப் போனான். உச்சி வெயில். ஒலியை அனுப்பி ஆழம் சொல்லும் எக்கோ மெஷின் பன்னிரண்டு மீட்டர் என்றது.

"இது போதாது அக்கா. கீழ சேறா பாறையான்னு குண்டுதான் சொல்லும், கேட்டியா."

மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு. நுனியில் ஈயக்குண்டு. குண்டின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி. அதில் மாட்டுக் கொழுப்பை அப்பி இறக்கினால், அடியில் கிடப்பது ஒட்டிக்கொண்டு வரும்.

கயிறு ஒன்பதிலேயே தொய்ந்தது.

"மெஷின் பொய் சொல்லுதா, லே?"

"பாறை ஏதாவது துருத்திட்டு நிக்கும்."

இழுத்தான். கொழுப்பில் முடி. நீளமாக, நரைத்து, கொழகொழவென்று... அழுகிய முட்டை வாடை. கிளாரா, தண்ணீர் குடித்த வாயைப் புறங்கையால் துடைத்தாள்.

கொழுப்பை வழித்தெறிந்து, புதிதாக அப்பி இறக்கினான்.

மெஷின், பன்னிரண்டு. கயிறு, ஐந்து.

இந்த முறை வெளுத்து ஊறிய தோல். விரல் பட்டதும் ஜவ்வாக நீண்டது.

"போவோம்லே."

"ஒரே ஒரு தடவ அக்கா..."

மெஷின், பன்னிரண்டு.

கயிறு... இரண்டு.

ளொப்.

கயிறு வெடுக்கென்று இழுபட்டது. விட்டது.

குண்டு மேலே வந்தது. கொழுப்பில் பாதியைக் காணோம். மீதியில் பல் தடம். மேல்வரிசை. அதில் இடது முன்பல் பாதி உடைந்திருந்தது.

எபிசன் அக்காவின் வாயைப் பார்த்தான்.

சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் அவளுக்கும் அதே பல் பாதி உடைந்திருந்தது. கிளாரா உதட்டை மூடிக்கொண்டாள்.

கரையில் ரத்தினம் காத்திருந்தான். "எவ்வளவு ஆழம் மெம்பரே?"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். "இந்த வெள்ளம் நமக்கு வேண்டாம்."

"நீங்க குடிச்சீங்கதானே?"

கிளாரா திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

முடி, தோல் என்று கேட்டதும், பிணம் கிடக்கிறது என்று போலீஸ் மோட்டார் வைத்துக் குழியை அடிவரை இறைத்தது. சரியாகப் பன்னிரண்டு மீட்டர். கழுவிவிட்டது போல் வெறும் பாறை. சேறில்லை. பாசிகூட இல்லை.

போலீசிடம் கிளாரா ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

அளந்த அன்று சாயங்காலம் பல் தேய்த்தாள். துப்பியதில் வெள்ளையாக, கட்டியாக... மாட்டுக் கொழுப்பு.

உடைந்த பல்லின் இடுக்கில் ஒரு நரைமுடி.

பிடித்து இழுத்தாள்.

வந்தது.

இன்னும் வந்தது...