டயர் பொலிஷில ஒட்டின பேர்

ஊர்ல எல்லாரும் நாங்க ஊட்டுக்குள்ள பெக்டரி நடத்துறம் எண்டுதான் நெனச்சாங்க. ஒரு மண்ணுமில்ல. கார் கழுவுற ஷாம்பும் டயருக்குப் பூசுற பொலிஷும் கொழும்புப் பக்கம் ஒரு கம்பனியில செஞ்சி, போத்தல்ல நெரப்பி, பேரில்லாம மொட்டையா லொறில வரும். நாங்க எங்கட லேபல ஒட்டி எங்கட சாமானெண்டு விப்பம். சாய்ந்தமருதுல எங்கட முன்னறையில பாய விரிச்சி, நானும் என்ட மனிசனும் குந்தியிருந்து ஒட்டுவம். அவ்வளவுதான் பெக்டரி.

அவர் கட்டார்ல கார் கழுவுற இடத்துல வேல செஞ்சவர். திரும்பி வந்து இந்த யாவாரத்தத் தொடங்கக்குள்ள, "என்ன பேர் வெக்கப் போறீங்க?" எண்டு கேட்டன். "லேபல் வரட்டும், பாருங்க புள்ள" எண்டாரு. எனக்கு அப்பவே ஒரு மாதிரித்தான் இரிந்திச்சி. கதைக்காத மனிசன் எதையாவது மறைச்சா மூஞ்சி காட்டிக் குடுத்துரும்.

லேபல் கட்டு வந்திச்சி. பிரிச்சிப் பார்த்தன். பொன் நெறத்துல எங்கட மகள்ட பேர்.

அப்பிடியொரு மகள் பொறந்தாவெண்டு ஊரு மறந்து கன காலம். மாசம் நெறஞ்சி, மூச்சில்லாமப் பொறந்த புள்ள. காதுல பாங்கு சொல்லல்ல. ஏழாம் நாள் பேர் கூப்பிடல்ல. அவர் வெள்ளத் துணியில சுத்திக் கொண்டுபோய் மையவாடியில அடக்கிட்டு வந்தாரு. பார்க்க வந்த பொம்புளயள், "அல்லா இன்னொண்டு தருவான், கவலப்படாதீங்க" எண்டாங்க. தரல்ல. அவ வயித்துல இரிக்கக்குள்ள நாங்க பேசி வெச்ச பேர் எங்க ரெண்டு பேருக்குள்ளயே கிடந்திச்சி. அத நான் இஞ்சயும் எழுத மாட்டன்.

"உங்களுக்கு விசரா? டயர்ல பூசுற சாமானுக்கா என்ட புள்ளட பேரு?" எண்டு லேபல் கட்டத் தூக்கி எறிஞ்சன். அவர் குனிஞ்சி ஒண்டொண்டாப் பொறுக்கினாரு.

"ஊட்டுக்கு வெப்பமெண்டா இது உங்கட உம்மா தந்த சீதன ஊடு. எனக்கெண்டு இரிக்கிற இந்த யாவாரம் மட்டுந்தானே. ஆராவது அந்தப் பேரச் சொல்லோணும் புள்ள" எண்டாரு.

நான் கன நாள் முகம் குடுத்துக் கதைக்கல்ல. ஆனா ஒட்டினன். கை ஒட்டிச்சி, வாய் ஏசிச்சி.

சாமான் கல்முனைக் கடையெல்லாம் ஏறி, கோமாரி வரைக்கும் போச்சி. ஒரு நாள் பஸார்ல ஒரு கடையில நிக்கக்குள்ள, ஒரு ஓட்டோக்காரர் வந்து அந்தப் பேரச் சொல்லிக் கேட்டாரு. கடக்காரர் உள்ளுக்குத் திரும்பி, அதே பேரச் சத்தமாச் சொல்லி எடுத்து வரச் சொன்னாரு. அவ இரிந்திருந்தா பள்ளிக்கூடம் போற வயசு. தெருவுல நிண்டு கூட்டாளிப் புள்ளயள் இப்பிடித்தானே கூப்பிட்டிருக்கும். முக்காட்டால வாயப் பொத்திக்கொண்டு ஊட்ட வந்துட்டன். அதுக்குப் பொறகு உப்பு, புளியெண்டு சாட்டுச் சொல்லிப் பஸாருக்குப் போவன். வெக்கத்த விட்டுச் சொல்றன், அந்தப் பேரக் கேக்கத்தான் போவன்.

மறுகா ஒரு நாள் அசர் தொழுகைக்குப் பொறகு, பள்ளிவாசல் நிர்வாகத்துல இரிக்கிற ஹாஜியார் ஒராள் எங்கட ஊட்ட வந்தாரு. கையில எங்கட வெறும் போத்தல்.

"குத்தம் புடிக்க வரல்ல. இது நம்மட மார்க்கத்துக்காக அந்தக் காலத்துல எவ்வளவோ பாடுபட்ட பெரிய மனிசிட பேரெல்லா? இந்தப் போத்தல் ஒரு ஊட்டுக் கக்கூசுல தண்ணி மொள்ளக் கிடந்திச்சி. மனம் கேக்கல்ல, எடுத்துக் கழுவிக் கொண்டு வந்திரிக்கன்."

யா அல்லாஹ்! எங்கட பக்கம் வெறும் போத்தல ஆரு எறியிற? கக்கூசுக்குத்தானே போகும். அது எனக்குத் தெரியாதா? மகள்ட பேர், மகள்ட பேரெண்டே பார்த்து, அவக்கு முன்னால அந்தப் பேருக்கு ஒரு சொந்தக்காரி இரிந்தாவெண்டு ரெண்டு பேருக்கும் மறந்தே போச்சி.

"கழட்டிர்றம் ஹாஜியார்" எண்டு என்ட மனிசன் தலயக் குனிஞ்சாரு.

"எத்தனையோ பேர் இரிக்க, இத ஏன் மகன் எடுத்தீங்க?"

கதவுத் திரைக்கு அங்கால நிண்ட எனக்குத்தான் பொறுக்கல்ல. "அது எங்கட மகள்ட பேர் ஹாஜியார். மூச்சில்லாமப் பொறந்த புள்ள. கூப்பிடுறதுக்கு வழியில்லாமப் போன பேர்" எண்டன். வேறொரு மனிசருக்கு நான் அத மொதல் மொதலாச் சொன்னது அண்டைக்குத்தான்.

ஹாஜியார் போத்தலக் கீழ வெக்கப் போய், வெக்காம மடியில வெச்சிக்கொண்டாரு. பொறகு ரெண்டு கையயும் ஏந்தி, எங்கட புள்ளட பேரச் சொல்லி, அதோட என்ட மனிசன்ட பேரயும் சேர்த்து, இவருட மகள் எண்டு துஆக் கேட்டாரு. பள்ளிக்கூடத்துப் பேர் இடாப்புல, கலியாண எழுத்துல சேர்ந்து வந்திரிக்க வேண்டிய ரெண்டு பேர். என்ட மனிசன் ஏந்தின கையோட குலுங்கிக் குலுங்கி அழுதாரு. அவருக்கும் சேர்த்து நான்தான் ஆமீன் சொன்னன்.

ஹாஜியார் போன பொறகு, முன்னறையில மிச்சமிரிந்த போத்தலெல்லாத்தயும் லேபல் கழரட்டுமெண்டு வாளித் தண்ணியில ஊறப் போட்டம். எனக்கு அவசரம், நகத்தால சுரண்டினன். அவர் என்ட கையப் புடிச்சி, "மெதுவா புள்ள, கிழிஞ்சிரும்" எண்டாரு.