இரண்டு வாய் மில்

மாப் பேணியின் மூடியைத் திறந்து, இரண்டு விரலால் ஒரு கிள்ளு எடுத்து, பெருவிரலால் மெல்லத் தேய்த்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறார் அருள்நேசன். வந்தது என் வீட்டுத் தண்ணீர்ப் பம்பைத் திருத்த. அது கிணற்றடியில் கழற்றியபடி கிடக்கிறது. குடிக்கத் தண்ணீர் கேட்டு உள்ளே வந்த மனிதருக்கு என் அரிசிமாவில் என்ன வேலை என்று கேட்கக் கூடாது. கேட்டால் அரைமணி நேரம் போகும்.

"உது அடுத்த ஊர் மில்லிலை அரைச்சது, ரீச்சர். அவங்கடை சல்லடை தேஞ்சு போச்சு. மாவும் சூடாகித்தான் விழுந்திருக்கு. ஒருக்கா மணந்து பாருங்கோ, கருகல் வாசம் வரும்."

எனக்கு ஒரு வாசமும் வரவில்லை. அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். மாவின் நடுவே ஒரு குழி, பாதி சாய்ந்த மூடி, சுவர்த் தட்டில் வெள்ளையாய் ஒரு விரல் தடம். சண்டிலிப்பாயில் எந்த வீட்டுக்கு அவர் வந்துபோனார் என்பதை இதை வைத்தே சொல்லிவிடலாம். எறும்பு வரும், மூடியைச் சரியாகப் போடுங்கள் என்று எத்தனை தரம் சொல்லியாயிற்று! "ஓம் ஓம்" என்பார். அடுத்த முறையும் குழி இருக்கும்.

வயது ஐம்பத்தொன்பது. இடப்பக்கப் புருவம் இல்லை. வெல்டிங் பொறி தின்றுவிட்டது. சேர்ட் பொக்கற்றில் எப்போதும் ஒரு கட்டைப் பென்சிலும் ஆறங்குல இரும்பு அடிமட்டமும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கடைசி வாங்கில் உட்கார்ந்து, ஆராதனைத் தாளின் பின்பக்கத்தில் படம் கீறுவார். பாதிரியார் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "இது எந்த அதிகாரம், அருள்நேசன்?" என்று கேட்டாராம். "சல்லடை, ஐயா," என்றாராம் இவர். ஊரில் பாதிக் கிணற்றுப் பம்புகள் அவர் கைபட்டவை. நாங்கள் குடிக்கிற தண்ணீர் அவர் கை வழியாகத்தான் வருகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாள்களில் ஒன்பது வருடமாக அவர் கீறியது ஒரே இயந்திரம். ஒரு மோட்டர். அது பெல்ற் போட்டு ஒரு நீண்ட இரும்பு அச்சைச் சுற்றும். அச்சின் இரண்டு முனையிலும் இரண்டு இரும்புப் பெட்டிகள், மேலே தானியம் கொட்ட ஒவ்வொரு வாய். பெட்டிக்குள்ளே பழைய லொறியின் வில்லுத்தகட்டில் வெட்டிய இருபத்துநான்கு துண்டுகள் ஆணியில் தொங்கும். அச்சு சுழன்றதும் விரிந்து நின்று தானியத்தை அடித்து நொறுக்கும். கீழே வளைந்த சல்லடை. இடப்பக்கத்துச் சல்லடைக்கு ஒரு மில்லிமீற்றர் துளை, அது ஆட்களுக்கு. வலப்பக்கத்துக்கு நாலு, அது ஆடு மாடு கோழிக்கு. விழுகிற மா பறக்காமல் இருக்க வாசலில் நீளத் துணிக்குழாய் கட்ட வேண்டும். அதை அவருடைய மனைவி ஹன்னா தைத்தார். ஆட்களின் பக்கத்துக்கு வெள்ளைத் துணி, தீனுக்கு நீலம்.

"ஒரு மூட்டைச் சோளம், ரீச்சர். பாதி பிள்ளையளுக்கு, பாதி கோழிக்கு. அதுக்கு ஏன் அந்தச் சனம் ரெண்டு மில்லுக்கு அலையவேணும்? பஸ்ஸிலை ஏத்தி இறக்கி, ஒரு நாள் வேலை கெட்டுப்போம். இது ஒரு இடம், ஒரு மோட்டர், ஒரு கறன்ற்."

சும்மா சொல்லக் கூடாது, நல்ல யோசனை. இடப்பக்கச் சல்லடையை அவர் கையால் துளைத்தார். ஆறாயிரத்துச் சொச்சம் துளை, நாலு மாதம். கைவேலை என்பதால் சில துளை மயிரிழை பெரிது. அதனால் மாவுக்குள்ளே ஒரு சின்ன நறநறப்பு இருக்கும். குறை என்று நான் நினைத்தேன். அவருக்கோ அதுதான் பெருமை. "நூறு பேணி மாவுக்கை என்ரையை ஒளிச்சு வையுங்கோ. கண்ணைப் பொத்திக்கொண்டு விரலாலை சொல்லுவன்." ஊர்க் கால்நடை வளர்ப்போர் சங்கம் தன் கொட்டகையில் இடம் கொடுத்தது. போன வருடம் தைமாதம் மில் ஓடத் தொடங்கியது.

அந்த முதல் நாளிலேயே எல்லாம் கெட்டது. கோழித்தீனுக்குக் கருவாட்டுத் தலையும் முள்ளும் வேண்டும். குருநகரிலிருந்து அடைக்கலநாதன் என்ற கடற்தொழிலாளி மோட்டர்சைக்கிளில் இரண்டு சாக்குக் கட்டிக்கொண்டு வந்தார். வலப்பக்கம் கருவாடு அரைபடுகிறது. அதே நேரம் இடப்பக்கம் ஒரு வீட்டாரின் பச்சையரிசி. நல்ல சைவ வீடு, பொங்கல் முடிந்த கிழமை. மாவை வாங்கிய அம்மா மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தார். "மணக்குது," என்றார். அவ்வளவுதான்.

"அண்டைக்கு மணந்தது உண்மை," என்று அருள்நேசனே சொல்வார். "சுத்தேக்கை உள்ளுக்குக் காத்து இழுக்கும். அச்சுப் போற துவாரத்தாலை அந்தப் பக்கத்துக் காத்து இந்தப் பக்கம் வந்திட்டுது. என்ரை பிழை. மணக்குதெண்டால் எங்கையோ ஓட்டை இருக்கு. ஓட்டை இருந்தால் அடைக்கலாம்."

அடைத்தார். அச்சைச் சுற்றிக் கம்பளி வளையம் போட்டார். மணக்குது என்றார்கள். இரண்டு பெட்டிக்கும் நடுவே கல்லுச் சுவர் எழுப்பினார். மணக்குது. இடப்பக்கத்தைக் கழற்றிப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வெயிலில் ஒரு கிழமை காயவைத்து, உமியை அரைத்து அரைத்துக் கொட்டினார். மணக்குது. ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வைத்திருக்கிறார்: யார் சொன்னது, எந்த நேரம், காற்று எந்தப் பக்கம். வீடு வீடாகப் போய்க் கேட்பார், "எப்பிடி மணக்குது? பச்சை மீன் மாதிரியோ, காஞ்ச மீன் மாதிரியோ?" சனங்கள் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தார்கள். கடைசியில் கருவாட்டையே நிறுத்தினார். ஆறு மாதமாக அந்த மில்லுக்குள் ஒரு மீன் செதில்கூடப் போகவில்லை.

அதற்குப் பிறகும் ஒரு நாள் அடைக்கலநாதன் வந்து மில் வாசலில் நின்றார். நானும் அங்கே இருந்தேன். இடப்பக்கத்து வெள்ளைத் துணிக்குழாய் மா படாமல், தைத்த மடிப்புக் குலையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அருள்நேசன் அச்சுக்குக் கீழே படுத்துக் கிடந்து எதையோ அளந்துகொண்டிருந்தார்.

"அண்ணை, வெளியாலை வாங்கோ. மீன் நிண்டு ஆறு மாசம். இப்ப அவையளுக்கு மணக்கிறது மீன் இல்லை. நான் வந்து நிண்டதுதான் மணக்குது. அதை எந்தக் கம்பளியாலை அடைக்கப்போறியள்?"

"விசர்க்கதை கதையாதை," என்றார் கீழே கிடந்தவர். ஆனால் வெளியே வர வெகுநேரம் எடுத்தது. அடைக்கலநாதன் காத்து நிற்காமல் போய்விட்டார்.

வலப்பக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை. மாட்டுத்தீன் அரைக்க அளவெட்டியிலிருந்தும் வருகிறார்கள், வரிசையில் நிற்கிறார்கள், அருள்நேசன் அண்ணை கெட்டிக்காரன் என்கிறார்கள். அதே வாய்தான் வீட்டில் போய் அரிசியை வேறு பையில் கட்டி வேறு ஊருக்கு அனுப்புகிறது. சங்கச் செயலாளர் இரத்தினம்மா முகத்துக்கு நேரே கதைக்கிற மனுஷி. "தம்பி, பங்குனி முடியுமட்டும் பார்ப்பன். ஒரு பத்து வீட்டுச் சனமாவது அரிசி கொண்டந்தால் சரி. இல்லாட்டி அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துப்போட்டு, அதிலையும் தீன் பெட்டி பூட்டுவம். மாடுகள் காத்துக்கொண்டு நிக்குது," என்றார். அருள்நேசனுக்கு அது கையில் ஒன்றை வெட்டி எடுப்பதுதான். "ரெண்டு வாய் இருந்தால்தான் அது என்ரை மில். இல்லாட்டி ஊரெல்லாம் கிடக்கிற தீன் மெசின்தானே," என்றார் என்னிடம். பத்து வீடு. மற்றவர்களை விடுங்கள், இதை எழுதுகிற என் வீடு அதில் ஒன்றா?

சொல்லிவிடுகிறேன். ஒரு தரம் மூன்று கிலோ பச்சையரிசி கொண்டுபோனேன். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடித் திரிந்தார். கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவினார். மாவைத் தந்தபோது கண் கலங்கியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என்னோடு இருக்கிற அக்கா வெள்ளிக்கிழமை விரதக்காரி. பையைத் திறந்துகூடப் பார்க்காமல் பக்கத்து வீட்டு மாட்டுத் தொட்டியில் கொட்டினாள். நான் தடுக்கவில்லை. எனக்கு எந்த மணமும் வரவில்லை, ஆனாலும் தடுக்கவில்லை. இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். முப்பத்துமூன்று வருடம் பிள்ளைகளுக்கு அதைப் பாவம் என்று படிப்பித்தவள் நான்.

அதன் பிறகு மாசி மாதம் வந்தது. அவர்களுடைய தேவாலயத்தில் அறுவடைப் பண்டிகை விற்பனை. வருடா வருடம் ஹன்னா பயத்தம் பணியாரம் சுட்டுக் கொடுப்பார். மேசையில் வைத்த அரைமணி நேரத்தில் தட்டு முடிந்துவிடும். போன வருடம் பயறை அருள்நேசனின் மில்லில் அரைத்தார். தட்டு போனபடியே திரும்பி வந்தது. அங்கே வருகிறவர்கள் எல்லாரும் மீன் சாப்பிடுகிற சனம். மத்தியானம் மீன்குழம்பு தின்ற வாயால்தான் மணக்குது என்றார்கள். ஹன்னா பணியாரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, மூன்று நாள் தேத்தண்ணீரோடு தானே தின்று முடித்தார்.

இந்த வருட விற்பனைக்கு முதல் வியாழக்கிழமை, நான் அடுத்த ஊர் மில் வரிசையில் துணிப் பையோடு நின்றேன். எனக்கு முன்னால் மூன்றாவது ஆள் திரும்பினார். ஹன்னா. கையில் வறுத்த பயறு. பை இன்னும் சூடாக இருந்திருக்க வேண்டும், சேலைத் தலைப்பால் பிடித்திருந்தார். இருவரும் பார்த்தோம். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. "வெயில் சரியான வெயில், என்ன ரீச்சர்," என்றார். "ஓம்," என்றேன். பிறகு ஒரே பஸ்ஸில் வந்தோம், வேறு வேறு சீற்றில்.

அதற்கு முதல் நாள்தான் அருள்நேசன் ஹன்னாவுக்கு நாலு கிலோ பயறு அரைத்துக் கொடுத்திருந்தார். என்னிடமே சொல்லிச் சந்தோஷப்பட்டிருந்தார். அந்த மா எங்கே போனதென்று நான் ஹன்னாவைக் கேட்கவில்லை. என் வீட்டில் அவர் அரைத்த மா எங்கே போனதென்று எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே சைக்கிள் மணி கேட்டது. கேற்றடியில் அருள்நேசன், இல்லாத புருவமும் உயர்ந்தமாதிரி ஒரு முகத்தோடு.

"ரீச்சர்! தட்டு வெறுமையாய் வந்திட்டுது! ஒண்டும் மிஞ்சேல்லை. ஒருத்தரும் மூக்கைச் சுளிக்கேல்லை, எங்கடை சேர்ச்சுக்கு வாற ஜெசிதா ரெண்டு தரம் கேட்டு வாங்கித் திண்டவ. பாத்தியளே? நான் சொன்னனான், ஓட்டை அடைபட்டால் சரியெண்டு! சுவர்தான் வேலை செய்திருக்கு. இண்டைக்கே இரத்தினம்மா அக்காவட்டைப் போவம். இனி வெட்டத் தேவையில்லை. நீங்களும் வந்து ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. மிச்ச மா வீட்டிலை கிடக்கு, அதையும் அவவின்ரை கையிலை குடுப்பம். வாங்கோ, வாங்கோ!"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். செருப்பை மாட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு வழி நெடுக அவர் கதைத்தார். அடைக்கலநாதனைத் திரும்பக் கூப்பிட வேண்டும், சுவர் இருக்கிறபடியால் கருவாடும் அரைக்கலாம், அச்சை இன்னும் ஓரடி நீட்டினால் இன்னும் நல்லது. சந்தியில் திரும்பி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

ஹன்னா கிணற்றடியில் இருந்தார். மில்லின் வெள்ளைத் துணிக்குழாயை, அழுக்கே இல்லாத அந்தத் துணியை, மாதத்துக்கு ஒருமுறை துவைப்பது அவர் வழக்கம். எங்களை அவர் காணவில்லை. அருள்நேசன் நேரே சமையலறைக்குள் போனார். சுவர்த் தட்டில் பெரிய பால்மாப் பேணி. மூடியைத் திறந்தார். இரண்டு விரலால் ஒரு கிள்ளு எடுத்தார். பெருவிரலால் தேய்த்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

தேய்த்தார். கூரையைப் பார்த்தபடியே இன்னொரு கிள்ளு எடுத்துத் தேய்த்தார். அந்தச் சின்ன நறநறப்பைத் தேடுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆர் வந்திருக்கினம்?" என்று கிணற்றடியிலிருந்து ஹன்னாவின் குரல் கேட்டது.

"ரீச்சர்," என்றார். குரலில் ஒன்றும் இல்லை. "தேத்தண்ணி போடுமப்பா."

விரலில் இருந்த மாவைப் பேணிக்குள்ளேயே உதறினார். நடுவே விழுந்திருந்த குழியைப் புறங்கையால் தடவித் தடவி மட்டமாக்கினார். மூடியை வைத்து, சுற்றிவரப் பெருவிரலால் அமத்தி இறுக்கினார். பேணியை அது இருந்த வட்டத் தடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, தட்டில் பட்டிருந்த வெள்ளை விரல் தடத்தைச் சாரத்தின் ஓரத்தால் துடைத்தார்.