கெசையாவுக்கு யார் சாட்சி

கென்டக்கியில் ஒரு சணல் பண்ணைக்காரர் வீட்டில் அடிமையாகத் துணி வெளுத்தவள் கெசையா. அவள் சிறுமியாக இருந்தபோதே அவளுடைய அம்மாவைத் தெற்கே விற்றுவிட்டார்கள். அவள் அந்தப் பண்ணையிலேயே வளர்ந்து முப்பதைத் தொட்டாள். ஒரு சனிக்கிழமை, எஜமானியின் சலவைக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, பட்டப்பகலில் ஒஹாயோ ஆற்றைக் கடக்கும் படகில் ஏறினாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றான் படகுக்காரன்.

"எஜமானியம்மாவோட தங்கச்சி வீட்டுக்கு. துணி கசங்கினா உன் பேரைத்தான் சொல்லுவேன், தள்ளி நில்லு."

அவன் தள்ளி நின்றான். அடிமை முறை இல்லாத அக்கரையில் இறங்கியவள் திரும்பவே இல்லை.

அக்கரை நகரமான சின்சினாட்டியில் லவீனியா சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். அதே பண்ணையிலிருந்து முன்னமே தப்பி வந்தவள். அவளுடன் தங்கி, தேவாலயத்து வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றாள் கெசையா. நாவன்மை கூடவே பிறந்தது. அடிமை ஒழிப்புக் கூட்டங்களுக்கு அவளை அழைக்கத் தொடங்கினார்கள்.

முதல் பெரிய கூட்டத்தில், தலைவர் ஹார்ட்வெல் என்ற வெள்ளைக்காரர் அவள் காதருகே குனிந்தார். "அம்மா, முதுகுத் தழும்பைக் கொஞ்சம் காட்டினா ஜனங்க மனசு இளகும்."

"காட்டு காட்டுன்னு எங்க ஜனங்களை ஏலத்துல நிறுத்தினது போதும் ஐயா. வந்தவங்களுக்குக் காது இருக்குல்ல?"

அம்மாவை வண்டியில் ஏற்றிய காலையைத்தான் சொன்னாள். அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. "கருகிடாம பாத்துக்கடி" என்றாளாம் அம்மா, போகும்போது. கருகினால் அடி விழும். அதனால் மகள் வாசலுக்கு ஓடாமல் அடுப்படியிலேயே நின்றாள்.

பிறகு அதையெல்லாம் புத்தகமாக எழுதினாள். அச்சகக்காரர் தயங்கினார். "பெரிய மனுஷர் யாராவது 'இது உண்மை'ன்னு முன்னுரை தரணுமே. ஹார்ட்வெல் தயாரா இருக்காரு."

"நல்ல மனுஷர்தான். ஆனா அவர் அங்க இருந்தாரா?"

முன்னுரை கேட்க நேரே கடைக்குப் போனாள். லவீனியா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கையெழுத்தே வராதேடி!"

"நீ சொல்லு, நான் எழுதறேன்."

"உனக்கு நீயே எழுதினா அது சாட்சியா? போதகரைக் கூப்பிடு. அப்புறம், என் பேரை முழுசாப் போடணும்."

"உன்னையும் தேடி வந்துருவாங்க."

"வரட்டும். அடுப்புல எண்ணெய் கொதிக்குது."

போதகர் எழுதிக்கொண்டார். கெசையா சொன்னதெல்லாம் நிஜம், ஒன்று மட்டும் தப்பு, எஜமானியின் கஞ்சத்தனத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டாள் என்றாள் லவீனியா. அச்சகக்காரர் வாய்விட்டுச் சிரித்து, அப்படியே அச்சிட்டார்.

தேடி வரத்தான் செய்தார்கள். ஒரு மதியம் கயிறும் கையுமாக, தப்பிய அடிமைகளைப் பிடிப்பவர்கள் இரண்டு பேர். கெசையா கடை வாசலில் நாற்காலி போட்டு ஏறி நின்று, அவர்கள் யார், எதற்கு வந்தார்கள் என்று தெருவுக்கே கேட்கப் பேசினாள். நாவிதர் கத்தியோடு வந்தார். சலவைக்காரிகள் சூடான இஸ்திரிப் பெட்டியோடு வந்தார்கள். கயிற்றோடு வந்த இருவரும் படகுத்துறை வரை திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள்.

உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்த பின் முதல் கோடையில், கென்டக்கியில் அவளை விற்கவும் வாங்கவும் உரிமை தந்திருந்த அதே நீதிமன்றத்து வாசலில் கூட்டம் போட்டாள் கெசையா. தொண்டை கட்டும் வரை பேசினாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த லவீனியா கத்தினாள்: "சத்தமா பேசுடி, பின்னாடி கேக்கலையாம்!"