கிள்ளிப் பார்த்த டைமிங் பெல்ட்

என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை. மண்ணையும் நிலக்கரியையும் ராப்பகலாகச் சுமந்து ஓடும் பெல்ட்டை இருபத்தாறு வருஷமாகப் பார்த்தவர். ஓரம் பிய்கிறதா, ஒட்டுப் போட்ட இடம் தூக்குகிறதா என்று கையால் தடவியே சொல்லிவிடுவார். இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உலகத்தில் உள்ள எல்லாப் பெல்ட்டும் தனக்குக் கீழேதான் வேலை பார்க்கிறது என்று நினைத்தார் பாருங்கள், அதில்தான் வந்தது வினை.

எங்கள் காரின் எஞ்சினில் டைமிங் பெல்ட். எதிர் குவார்ட்டர்ஸ் கோயம்புத்தூர்க்காரர் காரில் டைமிங் செயின். எஞ்சினுக்குள் இருப்பவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் ஒரே தாளத்தில் ஓட வைப்பதுதான் இரண்டுக்கும் வேலை. ஒன்று ரப்பர், ஒன்று இரும்பு. இதற்காக எங்கள் பிளாக்கில் இரண்டு கட்சி இருந்தது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். ஷிஃப்ட் முடிந்து வந்தால் காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அந்தக் கோயம்புத்தூர்க்காரர்.

"செயினுன்னா ஆயுசுக்கும் வருமுங்க. கெட்டாலும் கடகடன்னு சத்தம் போட்டுச் சொல்லிப்போடுமுங்க" என்பார் அவர்.

"சத்தம் போடுறதெல்லாம் ஒரு வண்டியா? பெல்ட் வாயே திறக்காது சார்" என்பார் இவர், ஏதோ தானே பெற்று வளர்த்த பிள்ளை மாதிரி.

வடலூர் மெக்கானிக் மட்டும் எந்தக் கட்சியிலும் இல்லை. "எதுவா இருந்தா என்னா சார், பெல்ட்ட நேரத்துக்கு மாத்தணும். வண்டிக்குப் பத்து வருஷம் ஆவுது. சும்மா நின்னுகினு இருந்தாலும் ரப்பரு காஞ்சிடும்" என்று மூன்று முறை சொல்லிவிட்டார். கார் ஓடியதோ இருபத்தெட்டாயிரம் கிலோமீட்டர்தான். டவுன்ஷிப்பில் கார் எங்கே போகும்? மார்க்கெட், கோயில், மிச்ச நேரமெல்லாம் உறைக்குள் தூக்கம். "அறுபதாயிரத்துக்குத்தான மாத்தணும்? பாதிகூட ஓடல" என்றார் இவர். கார் புத்தகத்தில் 'அல்லது ஐந்து வருஷம்' என்று அதே வரியில் போட்டிருந்தது. வரி முடியும் வரைக்கும் இவர் படிக்கவில்லை. மூடியைக் கழற்றச் சொல்லி, பெல்ட்டைக் கிள்ளிப் பார்த்து, "இன்னும் ரெண்டு வருஷம் வரும்" என்று தீர்ப்பு வேறு. மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய, பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரோடு குடும்பம் நடத்துகிறேன்.

நான் நர்ஸ். பதினொரு வருஷம் கான்ட்ராக்ட். ஒருவழியாக பெர்மனென்ட் ஆக்கி, வேலை பார்க்கப்போகும் ஊரைத் தேர்ந்தெடுக்கக் கடலூருக்குக் கூப்பிட்டார்கள். காலை பத்து மணி. பெயர் வாசிக்கும்போது ஆள் இல்லையென்றால் அடுத்தவரிடம் போய்விடுவார்கள். கடைசியில் மிஞ்சுவதுதான் நமக்கு. என் வரிசை எண் நான்கு. குறிஞ்சிப்பாடியில் இடம் காலி, வீட்டிலிருந்து அரை மணி நேரம். அந்த ஊருக்காக நான் வேண்டாத சாமி இல்லை.

"ஏழரை பஸ்ஸுலயே போயிடறேங்க" என்றேன்.

"பெர்மனென்ட் ஆகப்போறவ பஸ்ஸுல போறதா? கார் எதுக்கு இருக்கு?"

எட்டரைக்கு நிதானமாகக் கிளம்பினோம். குறிஞ்சிப்பாடி ஆஸ்பத்திரி வந்ததும் வேகத்தைக் குறைத்து, வாசல் வேப்பமரத்தைக் காட்டி, "உன்ன விட வர்றப்ப இங்கதான் வண்டிய நிறுத்துவேன்" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

குள்ளஞ்சாவடி தாண்டியதும் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான், எஞ்சின் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் பிடிக்காமல் வெறுமனே சுற்றியது. மெக்கானிக்குக்கு போன் போட்டார். "ஐயோ சார், சாவியப் போடாதீங்க! பெல்ட் அறுந்துபோச்சு. உள்ள வால்வெல்லாம் வளைஞ்சிருக்கும்" என்று அவர் அலறியது எனக்கே கேட்டது. அப்போதும் இவர் பானெட்டைத் திறந்து, "கிள்ளிப் பாத்தப்ப நல்லாத்தான இருந்துச்சு" என்கிறார்!

"நீங்க அதுங்கிட்டயே கேட்டுகினு இருங்க" என்று ஃபைலை எடுத்துக்கொண்டு சாலைக்கு ஓடினேன். இரண்டு பஸ் நிற்காமல் போயின. மூன்றாவதில் படியில் தொற்றிக்கொண்டேன்.

பத்து இருபதுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதாவது பெயர் ஓடிக்கொண்டிருந்தது. குறிஞ்சிப்பாடியை ஐந்தாம் எண்காரி வாங்கிவிட்டாள். எல்லோரும் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டு, மிஞ்சியதைக் காட்டினார்கள். வேப்பூருக்கும் அப்பால் ஒரு கிராமம். விருத்தாசலத்தில் பஸ் மாற வேண்டும். கையெழுத்துப் போட்டேன்.

மத்தியானம் நான் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்க, இவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையெல்லாம் கிரீஸ். "கெடச்சுதா?" என்றார். ஊரைச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து, "தப்பு என்னோடதுதான்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டறியாத வார்த்தை. எனக்கு மனசு இளகுகிற நேரம் பார்த்து, "கவலப்படாத, தெனமும் நானே கார்ல கொண்டாந்து விட்டுடறேன்" என்றார்.

"எந்தக் கார்லங்க?" என்றேன். சிரிக்கத்தான் நினைத்தேன், அழுகைதான் வந்தது.