லிஃப்ட் அண்ணனின் வலது கை

சைக்கிள் கடை மாடியில் எங்களுக்கு ஒரு அறை இருந்தது. சனிக்கிழமை மதியமானால் ஐந்து பேர் கூடுவோம். மோட்டாரும் கம்பியும் வைத்து மேடையில் ஆடவிட என்னென்ன இயந்திரம் செய்யலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்வோம். யாராவது இருமினால் விரியும் நாற்பது குடைகள், உட்கார வருகிறவரைக் கண்டால் நழுவி ஓடும் நாற்காலி, இப்படி வாய்க்கு வந்ததெல்லாம் யோசனைதான். ஒரே கட்டுப்பாடு, யோசனையைச் சும்மா சொல்லிவிட்டுப் போகக் கூடாது. இயந்திரம் எப்படி அசையுமோ அப்படி உடம்பால் செய்துகாட்ட வேண்டும். நாற்காலியாக அறை முழுக்கத் தவழ்ந்து எனக்கு முட்டி தேய்ந்தது. எவ்வளவு சந்தோஷமான நாட்கள் அவை.

லிஃப்ட் அண்ணன் ஊர் முழுக்க லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். யார் எதைச் செய்துகாட்டினாலும் "இது விழும்" என்பார். சொன்னபடி விழுந்தும் தொலைக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மேடையேற அவருக்குக் கொள்ளை ஆசை. ஆனால் வருடத்துக்கு ஒரு யோசனைதான் மேடையேறும், நாலு வருடத்தில் அவருடையது ஒன்றுகூடத் தேறவில்லை. ஐந்தாம் வருடம் பிறந்ததுமே சொல்லிவிட்டார், இந்தத் தடவையும் தன்னுடையது மேடை ஏறாவிட்டால் அப்புறம் ஏறவே ஏறாது என்று. வயசாகியும் வீம்பு போகவில்லை என்று முணுமுணுத்தேன். ஏன் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து செய்துகாட்டினார். வலது கை இயந்திரமாம், மற்றதெல்லாம் மனிதனாம். அந்தக் கை தன்போக்கில் போய்த் தண்ணீர் டம்ளரை எடுத்து மெல்ல அவர் உதட்டுக்குக் கொண்டுவந்தது. வழியெல்லாம் நடுங்கியது. பழைய மோட்டாரை அச்சு அசலாக நடிக்கிறார் என்று நாங்கள் கைதட்டினோம். யோசனை அன்றே தேறியது. அந்த மனுஷன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மூன்று மாதத்தில் இரும்புக் கை தயாரானது. அதைப் பிடித்து ஒருமுறை நடத்திக்காட்டினால் போதும், அதே அசைவைத் திரும்பச் செய்யும். அதற்கான புரோகிராம் என் வேலை. அண்ணன் பிடித்து நடத்தினார். விட்டதும் கை டம்ளரைத் தூக்கியது, நடுங்கியது, அவர் சட்டையை நனைத்தது. பல்சக்கரம் மாற்றினோம், பேரிங் மாற்றினோம், மோட்டாரையே மாற்றினோம். இரண்டு வாரம் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன். அண்ணன் மட்டும் ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை.

கடைசியில் பொறுமை இழந்து, நடுக்கத்தைப் புரோகிராமிலேயே அழித்துவிடுகிறேன் என்று கீபோர்டை இழுத்தேன்.

"மெஷின் மேல தப்பு இல்ல தங்கச்சி," என்றார் அண்ணன். "என் கைதான் அப்படி. ஒரு வருஷமா."

கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன். வேலையை விடச் சொல்லி டாக்டர் சொன்னதையும், நடுக்கம் கூடிக்கொண்டேதான் போகும் என்றதையும், ஏதோ ஒரு லிஃப்டின் கோளாறைச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாதே அண்ணா என்றேன்.

"அழிக்காதம்மா. இன்னிக்கு இருக்கற அளவுக்குக்கூட என் கை இனிமே இருக்காது. அதுலயாவது இருக்கட்டும்."

அழிக்கவில்லை. மேடையில் அந்தக் கை அவருக்குத் தண்ணீர் கொடுத்தது. பாதி வாயில், பாதி சட்டையில். ஜனங்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் அமைதியாகிவிட்டார்கள். அண்ணன் எழுந்து நின்று கும்பிட்டார்.

ஆறு வருடம் கழித்து அவரால் டம்ளரைப் பிடிக்கவே முடியாமல் போனது. யார் ஊட்டினாலும் வாயை மூடிக்கொள்கிறார் என்று அண்ணி போனில் அழுதார். இரும்புக் கையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் கட்டிலோரம் மாட்டினேன். அது டம்ளரை எடுத்து, லேசாக நடுங்கி, உதட்டில் வைத்தது. அண்ணன் வாயைத் திறந்து குடித்தார்.

அண்ணி துண்டால் அவர் கழுத்தைத் துடைத்துவிட்டு, அந்த இரும்பு விரல்களைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டார்.

"இவர் கை எனக்குத் தெரியாதா," என்றார்.